மூடாமல் போன குழாய்

மார்ச் 6

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நலம். நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததை மகள் போனில் சொன்னாள். உன்னிடம் நாலு வார்த்தை பேசலாம் என்றால் அதற்குள் ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள். மாப்பிள்ளை ஒரு பக்கம், அவருடைய அம்மா ஒரு பக்கம் என்று சபையே கூடிவிடுகிறது. அத்தனை பேர் நடுவில் "சாப்பிட்டாயா" என்று உன்னைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம். கல்யாணமான புதிதில் எழுதியது. கை எழுத மறந்திருக்கிறது, பொறுத்துக்கொள்.

பேத்தி யார் சாயல் என்ற வழக்கு அங்கே தீர்ந்ததா? மூக்கு மட்டும் என்னுடையது என்று தீர்ப்பானால் எனக்குச் சொல்லாதே, பெண் குழந்தை, பாவம். மகள் அடுத்த மாதம் வேலைக்குத் திரும்பும்போது குழந்தை உன் கையில் இருக்கும் என்பதில் எனக்கு நிம்மதி. முன்பின் தெரியாத ஆளிடம் விடுவதற்கு அவளுக்கு மனசே இல்லை.

நீ கிளம்பிய அன்று இங்கே ஒரு சின்னச் சம்பவம். அன்று காலை மொட்டை மாடித் தொட்டியைக் கழுவ நான் ஏற்பாடு செய்திருந்தது உனக்குத் தெரியும். குடியிருப்புச் சங்கச் செயலாளர் என்ற முறையில் ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் அறிவிப்பு ஒட்டினேனே: குழாய்களை மூடி வையுங்கள், வெளியே போனால் மெயின் வால்வையும் மூடுங்கள் என்று. உன்னை ரயில் ஏற்றிவிட்டு, கடைத்தெருவில் இரண்டு வேலையை முடித்துவிட்டு வந்து பார்த்தால் நம் சமையலறையில் தண்ணீர். கொஞ்சம் கூடுதலாகத்தான் கொட்டிவிட்டது. கீழ்வீட்டுத் தையல்காரம்மா வீட்டுக் கூரையிலும் ஈரம் இறங்கியிருக்கிறது. மூன்றாம் மாடி டிரைவர் ஓடிப்போய் மேலே தொட்டியிலேயே அடைத்துவிட்டார். நான் மின்சார மெயினை அணைத்துவிட்டுத் துடைத்தேன். இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

மற்றபடி சமையல் என் கையில் சிக்கிச் சின்னாபின்னமாகிறது. முட்டையை மட்டும் ஒழுங்காக வேக வைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் செயலாளர்


மார்ச் 13

அன்புள்ள செயலாளருக்கு,

உங்கள் கடிதம் வந்தது. மகள் பிரிக்காமலே என்னிடம் கொடுத்து, "காதல் கடிதமா அம்மா" என்று கேலி செய்தாள். எனக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான். ஆனால் முட்டையைத் தவிர வேறு எதையும் நீங்கள் சமைக்கவில்லை என்று அதிலிருந்தே தெரிகிறது. அரிசி டப்பாவின் மேல் எப்படி வைப்பது என்று எழுதி ஒட்டிவிட்டு வந்தேன். ஊருக்கெல்லாம் அறிவிப்பு ஒட்டுகிறவர் வீட்டில் ஒட்டியிருப்பதைப் படிக்க மாட்டீர்கள்.

பேத்தி என்னைக் கண்டால் கையைக் காலை ஆட்டுகிறாள். குளிப்பாட்டும்போது மட்டும் ஊரைக் கூட்டுகிறாள். காலில் போட்டு வெந்நீரை மெல்ல ஊற்ற ஊற்ற, அழுகை அடங்கி அப்படியே கண் சொருகிவிடுகிறது. மகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அவளுக்கு இன்னும் கை வரவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். நேற்றுத் தையல்காரம்மா போன் செய்தாள். குரலை இறக்கிக்கொண்டு, "அக்கா, நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க. வயசானா எல்லாருக்கும் வர்ற மறதிதான்" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மெல்லப் பேச்சுக் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. தண்ணீர் நின்றிருந்த நேரத்தில் நான் சிங்க் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, மூடாமலே ஊருக்குக் கிளம்பிவிட்டேன். தொட்டி கழுவித் தண்ணீர் விட்டதும் அது கொட்டத் தொடங்கிவிட்டது. அவள் தைத்து அடுக்கியிருந்த பள்ளிச் சீருடைகள் அத்தனையும் நாசம்.

நீங்கள் எழுதிய கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். என் பெயரே அதில் இல்லை. என் மனம் நோகக் கூடாது என்றுதானே மறைத்தீர்கள்? முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் செய்தும் உங்களைச் சிடுசிடுப்புக்காரர் என்றே வாய் ஓயாமல் சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

அன்று காலையை எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். காபி டம்ளரை அலசுவதற்காகக் குழாயைத் திறந்தது நினைவிருக்கிறது. காற்றுதான் புஸ்ஸென்று வந்தது. பிறகு மூடினேனா? ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார், நீங்கள் வாசலில் நின்று அவசரப்படுத்தினீர்கள். மூடியது நினைவில் இல்லை. என் அக்காவுக்கு இப்படித்தானே ஆரம்பித்தது. முதலில் அடுப்பை அணைக்க மறந்தாள், பிறகு எங்கள் பெயர்களை மறந்தாள்.

நனைந்த சீருடைகளை நீங்களே எடுத்துப்போய்ச் சலவைக்குக் கொடுத்து வாங்கித் தாருங்கள். டிரைவர் வீட்டுக்கு நேரில் போய் நன்றி சொல்லுங்கள். போன கூட்டத்தில்தான் அவர் வீட்டுக் கசிவுக்காக அவரை எல்லோர் முன்னாலும் எழுந்து நிற்க வைத்துக் கேள்வி கேட்டீர்கள். இப்போது அவர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

இன்னொன்று. சிங்குக்கு அடியில் துரு ஏறிப்போன அந்தக் கம்பி பின்னிய குழாயை மாற்றுங்கள் என்று சொன்னதற்கு, கறுப்பு டேப்பைச் சுற்றி வைத்தீர்களே, தண்ணீர் வந்த வேகத்தில் அது தாங்கியதா? அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி


மார்ச் 19

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

உன் கடிதத்துக்கு இரண்டு தரம் பதில் எழுதிக் கிழித்துவிட்டு, இதை மூன்றாவதாக எழுதுகிறேன்.

நடந்தது நடந்துவிட்டது, விடு. யாருக்கும் வரக்கூடியதுதான். உன் அக்காவோடு உன்னை ஏன் ஒப்பிட்டுக்கொள்கிறாய்? தையல்காரம்மாவும் மனதில் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. உன்மேல் அவளுக்கு எவ்வளவு பிரியம் என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது. "அக்காவைத் திட்டிடாதீங்க" என்று என்னிடம் தனியாக வேறு வந்து சொன்னாள். சீருடைகளைச் சலவைக்குக் கொடுத்திருக்கிறேன். சாயம் இறங்கியவற்றை அவள் மறுபடி தைக்கிறாள். அவள் மெஷின் ஓடும் சத்தம் தரை வழியாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

டேப் சுற்றிய குழாயைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது நன்றாகத் தாங்கியது. இருந்தாலும் புதிது வாங்கி மாற்றிவிட்டேன்.

மகள் வீட்டிலும் சிங்குக்கு அடியில், வாஷிங் மெஷினுக்குப் பின்னால் எல்லாம் குனிந்து பார்க்கச் சொல். இணைப்புக் குழாய்களின் கம்பிப் பின்னலில் துரு தெரிந்தாலோ, எங்காவது உப்பியிருந்தாலோ அன்றைக்கே மாற்ற வேண்டும். மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவ்வப்போது அதை மூடித் திறக்காவிட்டால் இறுகிப்போய் அவசரத்துக்குத் திரும்பாது. தண்ணீர் நின்று வரும் நாளில் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறக்க வேண்டும். குழாய்க்குள் இருக்கும் காற்று வெளியேற நேரம் கொடுக்காவிட்டால் தண்ணீர் முட்டி மோதிக்கொண்டு வரும். மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல்.

மன்னிப்பு என்று எழுதியிருந்தாய். நமக்குள் அதெல்லாம் எதற்கு? ஆனாலும் நீ கேட்டுவிட்டதால் எழுதுகிறேன். மன்னித்துவிட்டேன். அதையே நினைத்துக்கொண்டிருக்காமல் குழந்தையைக் கொஞ்சு.

இப்படிக்கு,
உன் செயலாளர்


மார்ச் 29

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். நீங்கள் மன்னித்துவிட்டதாக எழுதியதைப் படித்து அழுதேன். உங்களுக்கு இருக்கிற பெரிய மனசு எனக்கு என்மேல் இல்லை.

மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் எப்படி? குழந்தையை என்னை நம்பித்தானே விடப் போகிறாள். போன வாரம் குளிப்பாட்ட உட்கார்ந்தபோது, வெந்நீரோடு பச்சைத் தண்ணீர் கலந்தேனா இல்லையா என்று எனக்குத் திடீரென்று சந்தேகம் வந்துவிட்டது. கையை விட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. ஆனால் என் கையையே என்னால் நம்ப முடியவில்லை. குழந்தையைத் தூக்கி மகளிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் குளிப்பாட்டவில்லை. தனியாகத் தூக்குவதும் இல்லை. குழந்தை என்னைப் பார்த்துக் கையை ஆட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

மகள் கையைப் பிடித்து டாக்டரிடம் அழைத்துப் போனாள். வரிசையில் உட்கார்ந்திருந்தபோது நான் கேட்காமலே என் செருப்பை நேராக எடுத்து வைத்தாள், சின்னப் பிள்ளைக்குச் செய்வதுபோல. டாக்டர் சில பொருள்களின் பெயர்களைச் சொன்னார். கொஞ்ச நேரம் வேறு எதையோ பேசிவிட்டு அவற்றைத் திருப்பிக் கேட்டார். கடைசி ஒன்று எனக்கு வரவில்லை. பயத்தில்கூட இப்படி வரும், இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது, அடுத்த மாதம் மறுபடி பார்க்கலாம் என்றார். என்ன நடந்தது என்று அவர் கேட்டபோது மகள்தான் குழாய்க் கதையைச் சொன்னாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள் வேலையை விட்டுவிடப் போகிறாள். கடிதம் எழுதி வைத்துவிட்டாள், இன்னும் கொடுக்கவில்லை. எவ்வளவு ஆசையாகச் சேர்ந்த வேலை. உதவி செய்ய வந்தவள் உபத்திரவமாகிவிட்டேன். நான் இங்கே இருந்து என்ன பயன்? திரும்ப டிக்கெட் எடுக்கச் சொல்லப் போகிறேன்.

நான் வந்த பிறகு சமையல் கேஸை நீங்களே மூடிவிடுங்கள். சமையலறையில் என்னைத் தனியாக விடாதீர்கள். இதைக் கேட்க எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

உங்கள்
வீட்டுக்காரி


ஏப்ரல் 3

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

டிக்கெட் எடுக்காதே. உனக்கு ஒன்றும் இல்லை.

நீ குழாயை மூடிவிட்டுத்தான் போனாய். நான் தண்ணீருக்குள் நின்று, என் கையால் அதைத் தொட்டுப் பார்த்தேன். இறுக மூடியிருந்தது. வெடித்தது சிங்குக்கு அடியில் இருந்த குழாய், நீ மாற்றச் சொன்ன அதே குழாய். நான் சுற்றிய டேப் பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. தாங்கியது என்று உனக்கு எழுதியது பொய்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். ஊருக்கெல்லாம் அறிவிப்பு ஒட்டிய நான், அன்று நம் மெயின் வால்வை மூடாமல் உன்னோடு கிளம்பினேன். திரும்பி வந்தபோது படியில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஓடிப்போய் வால்வைத் திருகினேன். திரும்பவில்லை. வீடு வாங்கிய நாளிலிருந்து அதை நான் தொட்டதே கிடையாது. பலம் கொண்ட மட்டும் திருகியதில் கைப்பிடிதான் கையோடு வந்தது. கத்தினேன். டிரைவர் மாடிக்கு ஓடினார். தண்ணீர் நின்றதும் தையல்காரம்மா நனைந்த துணிகளை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு நம் வாசலில் வந்து நின்றாள். டிரைவரும் இறங்கி வந்து எந்தக் குழாய் என்று கேட்டார்.

போன கூட்டத்தில் அவரை நிற்க வைத்துப் பேசியதெல்லாம் என் தலைக்குள் ஓடியது. சிங்க் கதவைக் காலால் தள்ளி மூடினேன். "அவ ஊருக்குப் போற அவசரத்துல குழாயத் திறந்து விட்டுட்டுப் போயிட்டா" என்றேன். நான் யோசித்துச் சொன்னதல்ல, வாய் சொல்லிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு செய்ததெல்லாம் யோசித்துச் செய்தது. வெடித்த குழாயைக் கழற்றிப் பேப்பரில் சுற்றி, இரண்டு தெரு தள்ளிப் போய்க் குப்பையில் போட்டேன். வயதாகிவிட்டது, இப்போதெல்லாம் அவளுக்கு மறதி என்று தையல்காரம்மா கேட்காமலே நானாகச் சொன்னேன். அவள் கோபம் அப்படியே இறங்கிப் போனதைப் பார்த்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

நீ மன்னிப்புக் கேட்டு எழுதியபோதாவது சொல்லியிருக்க வேண்டும். கிழித்துப் போட்ட இரண்டிலும் உண்மையைத்தான் எழுதியிருந்தேன். தபாலில் சேர்க்கத் தைரியம் வரவில்லை.

உன் கடைசிக் கடிதம் வந்ததும் தையல்காரம்மாவிடம் போனேன். தைத்துக்கொண்டிருந்தவள் மெஷினை நிறுத்திவிட்டு நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். திட்டுவாள் என்று நின்றேன். "அப்ப அக்காவுக்கு ஒண்ணுமில்லையா?" என்றாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பிறகு, அக்காவிடம் சொல்லிவிட்டீர்களா என்றாள். இல்லை, இனிமேல்தான் என்றேன். "எங்கிட்ட எதுக்கு முதல்ல வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு மெஷினை ஓட்ட ஆரம்பித்தாள். அதன் பிறகு என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

டிரைவரிடமும் சொன்னேன். அவர் அதிர்ச்சியே அடையவில்லை. "அன்னைக்கே தெரியும் சார். உங்க செருப்புல கறுப்பு டேப் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு" என்றார். பிறகு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். "எல்லார் முன்னாடியும் நிக்கிறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்" என்றார். செயலாளர் பதவியை விட்டுவிட்டேன்.

உடனே சொல்லிவிடத்தான் போன் செய்தேன். மகள் எடுத்து, அம்மாவைப் பதற்றப்படுத்தாதீர்கள் அப்பா, ஸ்பீக்கரில்தான் இருக்கிறோம் என்றாள். அவள் குரலைக் கேட்டதும் சும்மாதான் கூப்பிட்டேன் என்று வைத்துவிட்டேன். அதனால் இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். மகளுக்கு மட்டும் இது தெரிய வேண்டாம். டாக்டர் சொல்லிவிட்டார், சும்மா பயம்தான் என்று ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடு. அவள் என்னைப் பற்றி வைத்திருக்கிற நினைப்பு ஒன்றுதான் எனக்கு மிச்சம். என்னை மன்னிப்பாயா?

இப்படிக்கு,
உன்


ஏப்ரல் 9

அன்புள்ளவருக்கு,

கடிதம் கிடைத்தது. முதல் வரியைப் படித்ததும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வந்தது சந்தோஷம்தான், கோபமில்லை. என் தலை சரியாக இருக்கிறது என்ற சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டே எழுந்துபோய்க் குழந்தையைத் தூக்கினேன். வெந்நீர் விளாவிக் குளிப்பாட்டி, துவட்டி, தூங்க வைத்தேன். மகள் ஓடி வந்து என்ன அம்மா என்றாள். ஒன்றுமில்லை, கை வந்துவிட்டது என்றேன்.

துணி மடித்துக்கொண்டிருந்தபோதுதான் கோபம் வந்தது. வந்த பிறகு நிற்கவே இல்லை.

அன்று அவர்கள் இருவரிடமும் பொய் சொன்னீர்களே, அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாலு பேர் முன்னால் அவமானம் வந்தால் யார் வாயும் தவறும். எனக்கும் தவறியிருக்கிறது. ஆனால் நான் மன்னிப்புக் கேட்டு எழுதினேன், நீங்கள் உட்கார்ந்து மன்னித்துவிட்டேன் என்று பதில் எழுதினீர்கள். செய்யாத தப்புக்கு என்னை மன்னித்தீர்கள். அதை நான் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன். உங்களைப்போல ஒருவர் யாருக்குக் கிடைப்பார் என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன். அந்தக் கடிதத்தை எடுத்து எரித்துவிடலாம் என்று பார்த்தேன். கை வரவில்லை, உங்கள் கையெழுத்து.

மன்னிப்பாயா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கே தெரியவில்லை. தெரிந்தால் சொல்கிறேன்.

ஆனால் மகள் விஷயத்தில் நீங்கள் கேட்டது நடக்காது. அவள் தன் அம்மாவுக்குப் புத்தி தடுமாறுகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் அடுப்பைப் பற்ற வைத்தால் பின்னால் வந்து நிற்கிறாள். சும்மா பயம்தான் என்று நான் சொன்னால் அவள் நம்ப மாட்டாள். மறக்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நான் சொல்லி அவள் நம்பும்படியான இடத்தில் என்னை நீங்கள் விட்டுவைக்கவில்லை. வேலையை விடும் கடிதத்தை இந்த மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும் என்கிறாள்.

அதனால் நானாக எதுவும் சொல்லப் போவதில்லை. நீங்கள் அவளுக்கு எழுத வேண்டும். உங்கள் கையால், அவள் பெயருக்கு, என் வழியாக இல்லாமல். அவள் அதைப் படிக்கிற வரைக்கும் எனக்கு நீங்கள் எழுத வேண்டாம்.

அரிசிக்கு இரண்டு பங்கு தண்ணீர் வையுங்கள். வெறும் முட்டையில் உடம்பு நிற்காது.

உங்கள்
வீட்டுக்காரி


ஏப்ரல் 14

அன்பு மகளுக்கு,

உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நல்ல செய்திக்காக எழுதியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

உன் அம்மாவுக்கு மறதி இல்லை. அன்று வெடித்தது நான் மாற்றாமல் விட்ட குழாய். பழியை நான் அவள்மேல் போட்டேன். தன்னைத் தானே சந்தேகப்பட்டு அவள் எனக்கு எழுதியபோதும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உனக்கு இது தெரிய வேண்டாம் என்று அவளிடம் கெஞ்சவும் செய்தேன். டாக்டரிடம் நீ சொன்ன கதை என்னுடையது. அவரிடம் மறுபடி போய் அதைத் திருத்திச் சொல். அப்பா பொய் சொல்லிவிட்டார் என்றே சொல்.

வேலையை விடாதே. குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போ. அவள் அடுப்படியில் இருக்கும்போது பின்னால் போய் நிற்காதே.

அப்பா